மூலையில் ஒரு மஞ்சள்

"நீங்களே சொல்லுங்கோ. அந்த மஞ்சள் இங்கேயே இருக்கட்டுமா, வெளியில போயிடட்டுமா?"

கண்காட்சித் திறப்பு விழாவில், எல்லோர் முன்னிலையிலும், ஓவியர் ப்ரியம்வதா என்னிடம் கேட்டார். அந்த ஓவியம் மட்டும் இன்னும் முடியவில்லை. என் பதிலைக் கேட்டுத்தான் முடிக்கப்போவதாகச் சொன்னார்.

விமர்சகனுக்கு இதைவிடப் பெரிய விருந்து உண்டா? மைக்கை வாங்கிக்கொண்டேன்.

சத்திரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே, மாடியில் ஒரு வாடகை அரங்கு. சுவரில் அந்த ஓவியம்: ஆளுயரத்துக்குச் சாம்பல் நிறம்; கீழ் மூலையில் நகக்கண் அளவு மஞ்சள்.

"மழைக்கு முன்னாடி மொட்டைமாடில நிக்கற மாதிரி இருக்கு" என்றார் முன்வரிசையில் இருந்த வங்கி அதிகாரி ஜகன்னாத்.

அவரைப் பரிவோடு பார்த்தேன். படைத்தவரின் வாழ்க்கையைப் படைப்புக்குள் தேடுவது பாமரத்தனம் என்பது என் ஆய்வேட்டின் இரண்டாம் இயல். ஆகவே ஓவியரின் முகத்தைத் திரும்பியும் பாராமல் ஓவியத்தை மட்டும் வாசித்தேன்.

இந்தச் சாம்பல் மௌனமன்று, ஓயாத பேச்சு என்றேன். தூரிகை வரிவரியாக ஓடுகிறது; இரண்டு வரிகளுக்கு நடுவே ஊசி நுழைய இடமில்லை. தன்னைத் தவிர வேறெதையும் கேட்டறியாத ஒரு குரல் அது. மஞ்சள் பலமுறை பதில் சொல்ல முயன்றிருக்கிறது. சாம்பலுக்கு அடியில் அதன் தடங்கள் தெரிகின்றன. ஒவ்வொரு முறையும் அதன்மேல் பூசி மூடியிருக்கிறார்கள்.

கீழே நடத்துநர் "முசிறி, முசிறி" என்று கூவினார். நான் குரலை உயர்த்தினேன்.

இப்படியொரு குரலோடு வாழ நேர்ந்த உயிர் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அது வெளியேறலாம். வெளியேறத்தான் வேண்டும்.

கைதட்டல் எழுந்தது. என் சொற்பொழிவுகளில் வழக்கமாகத் தூங்குபவர்கள்கூட விழித்திருந்தார்கள். ஜகன்னாத் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ப்ரியம்வதா அருகில் வந்தார்.

"இவ்வளவு சரியா சொல்லிட்டேள். உங்களுக்கு இதெல்லாம் தெரியாதுன்னே நெனச்சிண்டிருந்தேன்."

பிரதிதான் பேசியது, நான் வெறும் வாசகன் என்று அடக்கத்தோடு தொடங்கி, அந்த அடக்கத்தின் கோட்பாட்டுப் பின்புலத்தை விளக்கத் தொடங்கினேன்.

நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே, அவள் கைப்பையைத் திறந்து, ஸ்ரீரங்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுச் சாவியை எடுத்து என் சட்டைப்பையில் போட்டாள்.

"ஃப்ரிட்ஜ்ல தோசை மாவு இருக்கு. நான் அம்மாவாத்துக்குப் போறேன்."