பானெட்டில் சூடு

இப்போதெல்லாம் கீறல் விழுந்தால் கார் பெயின்ட் தன்னைத்தானே சரிசெய்துகொள்கிறது. சரியாகும்வரை, ஒரு மணி நேரம்போல, அடிபட்ட இடம் சுடும். அந்தச் சூட்டில் கோட்டிங் பிடிக்காது. அதனால் திண்டுக்கல் பைபாஸில் கார் கழுவும் பரிமளா, எந்த வண்டி வந்தாலும் முதலில் உள்ளங்கையால் தடவிப் பார்ப்பாள்.

அன்று காலை முதலில் வந்தவர் உட்காரவே இல்லை. சாவியை விரலில் சுற்றிக்கொண்டே நின்றார்.

"சீக்கிரம் கழுவி ஒரு கோட்டிங் போட்டுக் குடும்மா."

வெள்ளை பேட்டரிக் கார், எஞ்சின் சூடு கிடையாது. பெயருக்குக்கூட ஒரு கீறல் இல்லை. மார்கழிக் குளிரில் கதவெல்லாம் சில்லென்றிருக்க, பம்பர் மட்டும் சுட்டது.

"எதுல சார் இடிச்சீங்க?"

"நாய்ம்மா. குறுக்க வந்துருச்சு."

பரிமளாவின் கை மேலே போனது. பானெட்டும் சுட்டது. முன்கண்ணாடியின் விளிம்புவரை சுட்டது. இத்தனை உயர நாய் எந்த ஊரில் இருக்கிறது?

"என்னம்மா தடவிக்கிட்டே நிக்கிற? தண்ணிய அடி!"

எடுத்த பைப்பைக் கீழே போட்டாள். திட்டத்தான் வாய் வந்தது, அதற்கு நேரமில்லை.

"சூடு இன்னும் ஆறல சார், அடிபட்ட ஆளுக்கு உயிர் இருக்கும். எந்த ரோடுன்னு மட்டும் சொல்லுங்க!"