கடைசிச் சுரம்

ஒரு விடுகதை. இங்கே பிறக்கும். ஊரெல்லாம் போகும். சொந்த வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் கிடைக்காது. அது என்ன?

வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற லக்சனா, அந்தப் பக்கம் இருந்த ரிப்கானிடம் கேட்ட விடுகதை இது.

"இறால்!" என்றான் ரிப்கான், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். அவனுடைய வாப்பாவுக்கு இறால் பண்ணையில் வேலை. "பெரிய இறால் எல்லாம் வெளிநாட்டுக்குத்தான். எங்களுக்கு வாறது பொடி இறால்."

"பிழை. எங்கட அப்பாட பாட்டு!"

லக்சனாவின் அப்பா ஜெனோசன், பாலாவியில் வீட்டிலிருந்தபடியே கொழும்புக் கம்பனி ஒன்றின் வீடியோ கேம்களுக்கு இசை அமைப்பவர். ரிப்கான் விளையாடிக்கொண்டிருந்ததும் அவர் இசையமைத்த டொல்பின் கேம்தான். இன்னும் வெளிவராதது. பரீட்சித்துப் பார்ப்பதற்காக அவரே அவனுடைய உம்மாவின் போனில் போட்டுக் கொடுத்திருந்தார்.

லக்சனாவுக்குக் கேம் கிடையாது. "கண் கெட்டுப்போகும்" என்பார் அப்பா. ஆனால் பாட்டு வேலியைத் தாண்டி வரும்தானே?

அந்தப் பாட்டில் ஒரு புதுமை இருந்தது. டொல்பினோடு சேர்ந்து அதுவும் துள்ளித் துள்ளி ஏறும். இறங்கி வரும். இதோ முடியப்போகிறது என்று நினைக்கும்போது சட்டென்று நின்று, மறுபடி தொடங்கும்.

"அப்பா, ஏன் இந்தப் பாட்டு முடியிறதே இல்லை?"

"முடியும், முடியும். நீ போய்ப் படி."

அன்று பின்னேரம் ரிப்கானின் உம்மா ஃபாஹிமா வந்தார்.

"தம்பி, இவன் ரெண்டு நாளா குர்ஆன் ஓதப் போறானுமில்ல, ஒழுங்காச் சாப்பிடுறானுமில்ல. போனைப் பறிச்சா, வாயால அந்தப் பாட்டையே படிச்சிக்கிட்டு இரிக்கிறான். கடைசியில வந்து நிப்பாட்டுவான், திரும்பத் தொடங்குவான். எனக்கே பைத்தியம் புடிச்சிரும் போல இரிக்குது. நீங்க படிச்ச ஆள். ஒரு புத்தி சொல்லுங்க."

"கண்டிப்பு வேணும் அக்கா," என்றார் ஜெனோசன். "எல்லாம் நாங்கள் பழக்கிறதிலதான் இருக்கு. எங்கட பிள்ளையைப் பாருங்கோ. போனைத் தொடவே மாட்டாள்."

ஃபாஹிமா தலையைக் குனிந்துகொண்டு போனார்.

"பாவம். உவவுக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியேல்லை," என்றார் லக்சனாவின் அம்மா றோசலின்.

லக்சனாவும் அப்படித்தான் நினைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் அப்பாவின் போன் அடித்தது. கம்பனியிலிருந்து நிலுக்சன். அப்பா போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துவிட்டு, வயர்களைச் சுற்றிக்கொண்டே கதைத்தார்.

"ஜெனோ, கலக்கிப்போட்டீர்! அந்தப் பெடியன் போனைக் கீழ வைக்கிறானே இல்லை. எங்களுக்கு இங்க கொம்பியூட்டரில எல்லாம் தெரியுது. என்ன மருந்து போட்டனீர்?"

"கடைசிச் சுரத்தை வைக்கேல்லை அண்ணை. மெட்டு வீட்டு வாசல் வரைக்கும் வந்து நிக்கும், உள்ளுக்குப் போகாது. பிள்ளைக்கு அந்தரமா இருக்கும். இந்த முறை எண்டாலும் முடியாதோ எண்டு திரும்ப அமத்துவான்."

"நாளைக்குப் பின்னேரமும் இப்பிடி விளையாடினான் எண்டால், இனி வாற கேம் எல்லாம் உமக்குத்தான். அது சரி, உம்முடைய மகளும் விளையாடுறவவோ?"

"சீச்சீ! அவளுக்கு ஏன் இதைக் குடுப்பான்? படிக்கிற பிள்ளை."

உள் அறையில் கணக்குக் கொப்பியோடு இருந்த லக்சனாவுக்கு எல்லாம் கேட்டது.

அவளுடைய தலைக்குள்ளும் அந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. வந்து வந்து வாசலில் நின்றது. அவள் ஒரு சுரத்தைச் சேர்த்துப் பாடிப் பார்த்தாள். பொருந்தவில்லை. இன்னொன்று, கொஞ்சம் கீழே. பொருந்தியது. பாட்டு முடிந்தது. தலை அமைதியானது. கணக்கு முழுவதையும் செய்து முடித்துவிட்டாள்.

நிமிர்ந்தபோது அப்பா அறை வாசலில் நின்றார்.

"ஆர் சொல்லித் தந்தது?"

"ஒருத்தரும் இல்லை. நானாத் தேடிப் பாத்தன்."

"கெட்டிக்காரி." அப்பா குரலைத் தாழ்த்தினார். "ஆனா இதை ரிப்கானுக்கு முன்னால பாடிப்போடாதை. நாளைக்குப் பின்னேரம் வரைக்கும் பொறு. இந்த வேலை சரிவந்தால் உனக்கு ஓர்கன் வாங்கித் தருவன்."

ஓர்கன்! போன நத்தார்ப் பண்டிகையிலிருந்து அவள் கேட்டுக்கொண்டிருப்பது.

"ஏன் பாடக்கூடாது?"

"பாடினால் அவன் விளையாடுறதை விட்டிடுவான்."

"விட்டால் நல்லம்தானே? அவன்ட உம்மாவும் சந்தோசப்படுவா."

"அது வேற கதை பிள்ளை."

மறுநாள் பின்னேரம். ஓதப் போகும் பிள்ளைகள் தொப்பி போட்டுக்கொண்டு ரோட்டால் போனார்கள். ரிப்கான் படியில் குந்தியிருந்தான். பக்கத்தில் மத்தியானச் சோற்றுக் கோப்பையோடு ஃபாஹிமா.

"ஒரு வாய் தின்னு மகன்."

"பொறுங்க உம்மா. இந்தத் தடவை முடியும்."

டொல்பின் துள்ளியது. மெட்டு ஏறியது, இறங்கியது, நின்றது.

லக்சனா வேலிக்குப் போனாள். திரும்பிப் பார்த்தாள். அப்பா யன்னலில் நின்றார். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். பிறகு சிரித்துக்கொண்டு, பத்து விரல்களாலும் காற்றில் ஓர்கன் வாசித்துக் காட்டினார்.

லக்சனா கடைசிச் சுரத்தைப் பாடினாள்.