ஐந்தாவது ஆள்

"யாருமே பாக்கலேன்னா, படத்துல இருக்கறவங்க என்ன செய்வாங்கப்பா?"

மகள் கீர்த்தி ஆறு வயதில் கேட்டது. "சும்மா உக்காந்திருப்பாங்க" என்று அந்தோணி அன்று சொல்லி வைத்தார்.

ஞாயிறு பூசை முடிந்து, கையில் ஆட்டுக்கறிப் பையோடு, நேற்று மறந்துவிட்டுப்போன குடையை எடுக்க வானவடி ஃபிலிம் கிளப் வாசலில் நின்றபோது அந்தக் கேள்வி நினைவுக்கு வந்தது.

உள்ளே ஐம்பது நாற்காலிகள். நான்கு தலைகள்.

"அஞ்சு பேர் இல்லாம ப்ரொஜெக்டர் போட மாட்டோம்மா. சனிக்கிழமைன்னா கூட்டம் வரும், ஞாயிறு இப்படித்தான்" என்றாள் கிளப்பை நடத்தும் ரீனா.

"ஊரோட அந்தக் கோடி, ஹிஞ்சேவாடிலேருந்து ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன்க்கா. திரும்பிப் போனா ரூம் சுவரோடதான் பேசணும்" என்றாள் முன்வரிசைப் பெண். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கண் மட்டும் வாசலிலேயே இருந்தது.

பெரும்பாலும் சனிக்கிழமைகளிலேயே வந்து பழகிய அந்தோணிக்கு இப்படியொரு சட்டம் இருப்பதே தெரியாது.

ஒரு மணிக்குக் கீர்த்தியும் மாப்பிள்ளையும் சாப்பிட வருகிறார்கள். கறியை இன்னும் கழுவக்கூட இல்லை.

குடையை எடுத்துக்கொண்டார். கடைசி வரிசையில் உட்கார்ந்தார். விளக்கு அணைந்தது.

நேற்றுப் பார்த்த அதே படம். பெயர் வாயில் நுழையாத ஏதோ ஒரு குளிர்நாடு. மொத்தக் கதையும் ஒரே சலவைக்கடையில். பனிக்குப் பதில் பஞ்சைத் தூவியிருந்தார்கள். ஒரு துணுக்கு நாயகனின் மீசையில் கடைசிவரை ஒட்டியிருந்தது. தனியாக வாழும் அவன், கடைக்காரியைப் பார்ப்பதற்காகவே துவைத்த சட்டையை மறுபடி துவைக்கக் கொண்டுவருகிறான். அவளும் தெரிந்தே வாங்கிக்கொள்கிறாள்.

ஆறாம் நாள், சட்டையைத் திருப்பித் தரும்போது, நாளைக்கு வெறுங்கையோடு வரச் சொல்கிறாள்.

முன்வரிசைப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். மூன்று நாற்காலி தள்ளியிருந்த இன்னொருத்தியும் சிரித்தாள். இருவரும் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள்.

மணி பன்னிரண்டரை.

இருட்டில் அந்தோணிக்கு நான்கு வருடத்துக்கு முந்தைய ஒரு ஞாயிறு இப்போதுதான் புரிந்தது.

மனைவி ஜோசபினை அடக்கம் செய்து ஒன்பது நாள். வீட்டில் இருக்க முடியாமல் முதன்முதலாக இந்த வாசலுக்குள் நுழைந்த காலை. வெகுநேரம் படம் தொடங்கவில்லை. இரவு டியூட்டி முடிந்த ஒரு நர்ஸ், சீருடையோடு உள்ளே எட்டிப் பார்த்தாள். ரீனாவிடம் ஏதோ கேட்டாள். வந்து உட்கார்ந்தாள். உடனே விளக்கு அணைந்தது.

பிறகு படம் முழுக்க அவள் குறட்டை. அந்தோணி இரண்டு முறை 'ச்சு' கொட்டினார். படம் முடிந்து அவள் விழித்ததும், தூங்க வேறு இடமா கிடைக்கவில்லை என்று, அவள் காதில் விழும்படியே முணுமுணுத்தார்.

அன்று அவளைத் தவிர, அவரையும் சேர்த்து நான்கு பேர்.

அவள் பெயர் தெரியாது. பெயரில்லாமலே அவளுக்காக ஒரு ஜெபம் சொன்னார். விளக்கு எரியுமுன் பக்கக் கதவைச் சத்தமில்லாமல் திறந்து வெளியேறினார்.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.