கலங்காத தண்ணீர்

தண்ணீர் கலங்கவில்லை.

அவள் இன்னொரு தடவை கவர்களை முக்கினாள், உதறினாள், தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். அடியில் இருந்த சிமெண்ட் வெடிப்புகூடத் தெரிந்தது.

இதென்னடா கூத்து.

ஜவுளிக்கடையில் சேலையை உருவிக்கொண்டு வீசி எறியும் பிளாஸ்டிக் கவர்கள். மூட்டை கட்டி இங்கே அனுப்பிவிடுவார்கள். அவள் கழுவிக் காயப்போட வேண்டும். உள்ளே மற்ற பெண்கள் அதை நாடாவாக வெட்டித் தறியில் பை நெய்வார்கள். குப்பையில் செய்த பை என்று அட்டை தொங்கவிட்டு அதே கடையில் விற்பார்கள். இப்போது அதற்கு ஏகப்பட்ட கிராக்கி.

கடைக் குப்பை எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? டீ சிந்திப் பிசுபிசுக்கும். குண்டூசி விரலில் ஏறும். யாரோ தின்று போட்ட வடையின் எண்ணெய்த் தாள் ஒட்டிக்கொண்டு வரும். முதல் முக்கிலேயே தொட்டி சாக்கடையாகிவிடும்.

இதில் ஒரு தூசி இல்லை.

காலையில் மூட்டையை இறக்கிய வண்டிக்காரன் நினைவுக்கு வந்தான். எப்போதும் மேலிருந்தே தள்ளிவிடுகிறவன், இன்று தோளில் தாங்கி இறக்கி வைத்தான். குப்பைக்கு என்ன ராஜமரியாதை!

வேறு யாரையோ வைத்துக் கழுவுகிறார்களோ?

மூட்டையிலிருந்து நனையாத கவர் ஒன்றை எடுத்தாள். உள்ளே கை நுழையவில்லை. வாய் ஒட்டியிருந்தது. ஊதித்தான் திறக்க வேண்டியிருந்தது. குப்பென்று புது பிளாஸ்டிக் வாடை.

இதற்குள் ஒரு சேலைகூடப் போய்வந்ததில்லை.

அடப்பாவிகளா! பை விற்கிற வேகத்துக்குக் குப்பை பத்தவில்லை. புதுசாக வாங்கி அனுப்பியிருக்கிறார்கள்.

சிரிப்பு வந்தது அவளுக்கு. ஓடிப்போய்ச் சொல்லத்தான் எழுந்தாள். இந்தக் கூடத்தை நடத்துகிற பிலோமினா நெருப்பு மாதிரி. விஷயம் தெரிந்தால் கடைக்காரன் முகத்தில் மூட்டையை விட்டெறிந்துவிடுவாள்.

விட்டெறிந்தால் அப்புறம் எதைக் கழுவுவது?

எறியாமல் வைத்துக்கொண்டால் மட்டும் என்ன, கழுவ வேண்டாத கவருக்குக் கழுவுகிறவள் எதற்கு?

அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னக்கா, இன்னும் ஒரு மூட்டகூட முடியலையா? ரொம்ப அழுக்கா?"

பிலோமினாவின் குரல். பின்னாலேயே செருப்புச் சத்தம் முற்றத்தை நோக்கி வந்தது.

அவள் தொட்டியைப் பார்த்தாள். பாழாய்ப்போன தண்ணீர், குடிக்கலாம் போலக் கிடந்தது.

தொட்டியை ஒட்டி நின்ற வேப்பமரத்தடியில் கையை விட்டாள். இரண்டு கை மண்ணை அள்ளித் தொட்டியில் போட்டுக் கலக்கினாள்.

"ஆமாம்மா," என்றாள். "ஒரே அழுக்கு."