நேரலையில் அம்மா

"டி.வி.யில நிஜமான செய்தியைப் போடுங்க மேடம்."

விருந்தாளிகளிடம் இதை மட்டும் கேட்கவே கூடாது என்று, வேலைக்குச் சேர்ந்த அன்றே ஜெனிட்டாவிடம் சொல்லியிருந்தார் கேப்டன் ரொசாரியோ. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள்; அந்தச் சின்ன உல்லாசப் படகுக்கு இன்ஜினியர். காலையிலிருந்து ஊரில் அம்மா போனை எடுக்கவில்லை. கடலோ வண்டல் நிறத்தில் புரண்டது. வீட்டுக் கதவுகள் மிதந்து போயின.

"செய்திதானே ஓடுது? உனக்கு எந்த ஊரு?" என்றாள் படகை வாடகைக்கு எடுத்திருந்த பத்மஜா.

"மணப்பாடு."

கேட்பவர் மனசுக்கு இதமானதையே புனைந்து காட்டும் அந்த டி.வி.யின் காதில் பெயர் விழுந்ததுமே திரை மாறியது. 'நேரலை' என்ற எழுத்துக்குக் கீழே இளவெயில், மாதா கோயில், அதன் வாசலில் அம்மா. சிரித்துக்கொண்டே நிதானமாகச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"பாரு, ராணி மாதிரி இருக்காங்க. சும்மா பயமுறுத்தாதே."

ஜெனிட்டா திரையை நெருங்கிப் பார்த்தாள். பக்கவாதம் வந்ததிலிருந்து அம்மாவுக்கு வலது கை தூக்க வராது. இடது கையால்தான் சிலுவை போடுவாள். அதற்குச் சித்தி கோயிலிலேயே கேலி செய்வாள். திரையில் உயர்ந்தது வலது கை.

"அது எங்கம்மா இல்ல."

"டிஷ்ஷுல வர்றதுதான் புள்ள எனக்கும் தெரியும்," என்றார் சுக்கானைப் பிடித்திருந்த ரொசாரியோ. "கடல் அமைதின்னுதான் காட்டுது."

"ஜன்னல்ல என்னண்ணே காட்டுது?"

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஜெனிட்டா கதவை நோக்கி நடந்தாள்.

"இறங்கிப் போனா உனக்கு வேலை கிடையாது," என்றாள் பத்மஜா.

"வேலையை நீங்களே வெச்சுக்கோங்க."

கரைக்குப் போய்வர வைத்திருந்த ரப்பர் படகின் சாவி ஏற்கெனவே ஜெனிட்டாவின் கையில் இருந்தது. திரையில் அம்மா வலது கையை ஆட்டி ஆட்டி வழியனுப்ப, அவள் கதவைத் திறந்து வெளியே போனாள்.