நடுவில் பூச வேண்டியது

பரிசோதனைக்கூடத்து இயந்திரம் உத்தரத்தின் நடுமுதுகை அழுத்தத் தொடங்கியதும் அண்ணன் மேல்பாதியைப் பார்க்கவில்லை. தம்பி கீழ்பாதியைப் பார்க்கவில்லை.

மேலே அண்ணன் வார்த்த கான்கிரீட். கீழே தம்பியின் பட்டறையில் செய்த கண்ணாடி இழைப் பாலிமர். அவரவர் அடுத்தவர் சரக்கில்தான் விரிசல் தேடினார்கள்.

இரண்டும் ஒன்றாக வளைந்து தாங்கினால் பாலத்து ஆர்டர். இல்லையென்றால் இரண்டு பட்டறைக்கும் பூட்டு.

பாகம் பிரித்தபோது அப்பாவின் தராசில் ஆளுக்கொரு தட்டை எடுத்துக்கொண்டு போனவர்கள். அம்மாவை அப்படி எடுக்க வழியில்லாததால் மாசத்துக்கு ஒரு வீடு என்று ஏற்பாடு. நேற்றோடு அண்ணன் முறை முடிந்தது, இன்று முதல் தம்பி. மற்றபடி பேச்சுவார்த்தை கிடையாது. சரக்கு மட்டும் லாரியில் போய் வரும்.

உத்தரம் வளைந்தது. கைமாற்று கேட்க வந்தவன் மாதிரி பணிவாகத்தான் வளைந்தது.

பிறகு பட்டென்று ஒரு சத்தம்.

இருவரும் ஓடினார்கள். கான்கிரீட்டில் கீறல் இல்லை. பாலிமரில் ஒரு நார் பிரியவில்லை. மேல்பாதிதான் கீழ்பாதியை விட்டு வழுக்கி, ஓரத்தில் விரலகலம் நீட்டிக்கொண்டிருந்தது.

"என்னுது உடையல," என்றார் அண்ணன்.

"என்னுதுந்தான்," என்றான் தம்பி. இத்தனை வருஷத்தில் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம்.

பரிசோதனைக்கூடத்துப் பொறியாளர் அந்த இடுக்கைத் தடவிப் பார்த்தார். "நடுவுல பிசின் பூசி மணல் தூவணுமே. யாரு பூசினது?"

"பாலிமர் வரும்போதே பளபளன்னு இருந்துச்சு மேடம். பூசித்தான் அனுப்பியிருக்கான்னு நெனச்சேன்."

"வார்க்கிறவங்கதான் மேடம் பூசணும். இதக்கூடவா நான் சொல்லித் தரணும்?"

"ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமே?"

அவர் ஏதோ அசிங்கமாகப் பேசிவிட்டதைப் போல இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அண்ணனின் போன் அடித்தது. கையெல்லாம் தூசி; ஸ்பீக்கரில் போட்டார்.

"கண்ணாஸ்பத்திரியிலேருந்து பேசறேன் சார். உங்கம்மாவ நேத்து சாயந்திரமே வீட்டுக்குப் போகலாம்னு சொல்லியாச்சு. ராத்திரி பூரா வாசல் பெஞ்சுலயே உக்காந்திருக்காங்க, கண்ணுக் கட்டோட."

அண்ணன் தம்பியைப் பார்த்தார். தம்பி உத்தரத்தைப் பார்த்தான்.

"மகன் வந்துட்டிருக்கான்னு மட்டும் சொல்றாங்க. எந்த மகன்னு கேட்டா, வாயே தெறக்க மாட்டேங்கறாங்க சார்."