பதினோரு மஞ்சள் சட்டைகள்

“அந்த ஒன்பதாம் நம்பர் சட்டையா? அதோட உள்பக்கத் தையல்கூட எனக்குத் தெரியுமே!” என்றாள் வேலம்மா.

அவள் கணவர் கந்தசாமியின் வாய்க்குப் போன தேத்தண்ணிக் கோப்பை பாதியில் நின்றது.

மகள் திலகம் கட்டம் போட்ட தாளும் பென்சிலுமாக நிமிர்ந்து உட்கார்ந்தாள். எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலை அவளுக்கு. ஈப்போவில் பழையதாக வாங்கி வந்த கம்ப்யூட்டரை டிவியில் மாட்டி, ஆறு மாதமாகத் தானே ஒரு கால்பந்து விளையாட்டு எழுதிக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் அப்பா கங்காணி வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறார். 1961-இல் அவர் கேப்டனாக இருந்து, கீழ் எஸ்டேட்டைத் தோற்கடித்துக் கோப்பையைத் தூக்கி வந்த மேல் எஸ்டேட் டீம், அதே சட்டையோடு விழாவில் திரையில் ஓட வேண்டும். அதுதான் அவள் ஆசை.

இருந்ததோ ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படம். கோப்பையை நடுவில் வைத்துப் பதினோரு பேர். சட்டை என்ன நிறம் என்று அப்பாவைக் கேட்டால், “ஏதோ ஒரு கலரு, விடும்மா” என்பார். டீமில் ஆடிய சிவசாமி பச்சை என்றார். நாகரத்தினம் நீலம் என்று சத்தியமே செய்தார்.

“மஞ்சளுடி! கழுத்துப்பட்டை செவப்பு. எடது முழங்கைகிட்ட கிழிஞ்சி, கறுப்பு நூல்ல தைச்சிருக்கும். அன்னிக்கு மஞ்ச நூலு கெடைக்கல…”

சொல்லிக்கொண்டே வந்த வேலம்மா கணவரின் முகத்தைப் பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லி உள்ளே போய்விட்டாள்.

கந்தசாமி கோப்பையை வைத்துவிட்டு வெளியே நடந்தார். குடித்தது பாதிதான்.

திலகம் விரல் விட்டு எண்ணினாள். அம்மா கீழ் எஸ்டேட்டிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தது 1962-இல். ஆட்டம் நடந்தது அதற்கு முந்தின வருஷம்.

படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தாள். ஒன்பதாம் நம்பரில் நிற்பவன் சுப்பன். சுருட்டை முடி, பளிச்சென்ற சிரிப்பு. வெற்றி கோலைப் போட்டவன் அவன்தான். மறு வருஷமே யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் சிங்கப்பூருக்குப் போய்விட்டவனும் அவன்தான்.

படத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

மறுநாள் அப்பா ஒரு வார்த்தைதான் பேசினார். “இந்த வெளாட்டெல்லாம் வேணாம்மா. ஒரு மாலை போட்டா போதும்லா.”

ஞாயிற்றுக்கிழமை பிரிஞ்சாங் மார்க்கெட்டில், முட்டைக்கோஸ் பொறுக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் திலகம் மெல்லக் கேட்டாள். “அம்மா, அந்த சுப்பன ஒனக்கு முன்னாடியே தெரியுமா?”

வேலம்மா ஒரு கணம் விழித்தாள். பிறகு கூடையைக் கீழே வைத்துவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

“வாய மூடுடி. ஒங்கப்பா காதுல விழுந்தா அவ்ளோதான்.”

“அப்பாவுக்குத் தெரியுமா?”

“தெரியாம? யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்னு கல்யாணத்துக்கு முன்னாடியே அவருக்கு வாக்கு குடுத்திட்டேன். இனிமே இதக் கேக்காத.”

வீட்டுக்கு வந்ததும் திலகம் கம்ப்யூட்டரைத் திறந்து, பதினோரு சட்டைகளையும் நீலமாக்கினாள். நாகரத்தினம் சொன்னதாகவே இருந்துவிட்டுப் போகட்டும். அப்பாவின் கடைசி வேலை நாளில் அவர் மனம் நோகக்கூடாது.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா விடவில்லை. “பொய்க் கலரு வேணாம்டி. மஞ்சளே போடு. இருபத்தஞ்சு வருசம் மூடி வெச்சது போதும்.”

விழா அன்று எஸ்டேட் ஹால் நிரம்பி வழிந்தது. கேசட்டிலிருந்து கம்ப்யூட்டரில் விளையாட்டு ஏறுவதற்கு ஐந்து நிமிடம் பிடித்தது. அதுவரை எல்லோரும் டிவியின் கீச்சுச் சத்தத்தைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பச்சை மைதானம் வந்தது. கட்டம் கட்டமாகப் பதினோரு மஞ்சள் ஆட்கள் ஓடி வந்து வரிசையில் நின்றார்கள். சிறுசுகள் கைதட்டின.

பழைய ஆட்டக்காரர்கள் தட்டவில்லை. சிவசாமி தரையைப் பார்த்தார். நாகரத்தினம் தொண்டையைச் செருமினார். மாலையோடு உட்கார்ந்திருந்த கந்தசாமியின் முகம் வெளுத்துப் போயிருந்தது. திலகம் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். மஞ்சளைப் போட்டிருக்கக்கூடாது.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். அம்மாவின் அண்ணன் மாடசாமி. விழாவுக்கென்று லெம்பா பெர்த்தாம் தோட்டத்திலிருந்து ஒரு மூட்டை காய்கறியோடு வந்திருந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு டிவிக்கு அருகில் வந்து குனிந்து பார்த்தார்.

“அட, என்னோட ஒம்பதாம் நம்பரு!”

சிறுசுகள் திரும்பிப் பார்த்தன. வேலம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின.

மாடசாமி திரும்பி, மாலைக்குள் புதைந்திருந்த கந்தசாமியைப் பார்த்துக் கேட்டார்:

“போட்டோ புடிக்க, தோத்த எங்ககிட்ட எரவல் வாங்குன சட்டைய இன்னுமா கழட்டல, மாப்ள?”